அக்கரை என்பது எக்கரை?

ஆங்கிலத்தில் சில சொற்கள் தனியே நடமாடுவதில்லை, துணையோடுதான் வரும். தொலைவிலுள்ள இடங்களைக் குறிக்கும் சொற்களில் இவ்வழக்கம் மிகுதி. சிற்றூர் என்றால் அதற்கு முன் 'ரிமோட்' வந்து நிற்கும். நாடு அல்லது கரை என்றால் 'டிஸ்டன்ட்'. உலகத்தின் மூலை என்றால் 'ஃபார்'. 'ஃபார் ஃப்ளங்' என்றோர் அடையும் உண்டு. தூரத்தே வீசி எறியப்பட்டது என்பது அதன் நேர்ப்பொருள். 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவை ஒட்டிக் கிப்ளிங் எழுதிய பாட்டில் இது பேரரசின் போர்முனைக்கு அடையாக வந்தது. அதன்பின் பேரரசின் எல்லைகளைப் பேசும்போதெல்லாம் ஆங்கிலேயர் நாவில் இது புரண்டது.

இரண்டாம் மொழியாக ஆங்கிலம் பயில்வோருக்கு இவ்விணைகளை மனப்பாடம் செய்யச் சொல்வது ஆசிரியப் பயிற்சியில் நெடுநாள் வழக்கம். ஏன் இந்தச் சொல்லோடு இந்தச் சொல் என்று கேட்டால், 'அது மரபு' என்பதோடு விடை முடிந்துவிடும். விடை தவறன்று; ஆயினும் குறையுடையது. வீசி எறியப்பட்டது என்றால் வீசிய கை எங்கே இருந்தது? மூலை என்றால் நடுவீடு எது? தொலைவைக் குறிக்கும் ஒவ்வோர் இணைக்குள்ளும், சொல்பவன் நின்ற இடம் ஒளிந்திருக்கிறது. இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழிலும் தொலைவான இடங்களுக்கு அடைமொழி கட்டும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுகளாக உண்டு. அவ்வடைகள் எங்கே நின்று கட்டப்பட்டவை என்பதை வரலாற்று முறையில் காண்பது, கடலுக்கு இப்பால் தமிழ் கற்பிக்கும் நமக்குப் பெரிதும் வேண்டுவதாகும்.

சங்க இலக்கியத்திலிருந்து தொடங்குவோம். பொருள் தேடப் பிரிந்து செல்லும் தலைவன் கடக்கும் வழி 'அருஞ்சுரம்' எனப்படும். கடத்தற்கு அரிய பாலை நிலம் என்பது பொருள். பாலைப் பாட்டுகளில் இவ்விரு சொற்களும் கணவனும் மனைவியும் போலச் சேர்ந்தே வரும். எனினும் அருஞ்சுரம் வழியைச் சொல்கிறதே தவிர, போய்ச் சேரும் இடத்தைச் சொல்லவில்லை. போய்ச் சேரும் இடத்துக்கு வேறோர் இணை உண்டு. அதுதான் 'மொழிபெயர் தேயம்'. பெயர்தல் என்பது இங்கே மாறுதல். மொழி மாறிவிடுகின்ற நாடு என்பது பொருள். மாமூலனார் பாட்டுகளில் இத்தொடரைப் பலகால் காணலாம். குறுந்தொகையின் 11ஆம் பாட்டு அவருடையது. அதில் தலைவி தன் நெஞ்சை நோக்கிப் பேசுகிறாள்; தலைவன் வடுகர் எல்லையில் கட்டி என்பானின் நாட்டுக்கும் அப்பால், மொழி வேறுபட்ட நாட்டில் இருந்தாலும், அங்கே செல்ல நினைந்து நெஞ்சை எழச் சொல்கிறாள்.

ஆசிரிய அன்பர்கள் இத்தொடரைச் சிறிது நின்று நோக்க வேண்டும். இத்தனை காதம், இத்தனை நாள் நடை என்று புலவர் தொலைவை அளக்கவில்லை. வேங்கட மலைக்கு இப்பால் எத்துணைத் தூரம் சென்றாலும் அது ஊர்தான். தமிழ் நின்றுபோகும் இடத்தில் தொலைவு தொடங்குகிறது. வழிப்போக்கன் தண்ணீர் கேட்டால் எதிரில் நிற்பவனுக்கு விளங்காத இடமே தொலைநாடு. ஆங்கிலத்தின் 'ரிமோட்', 'டிஸ்டன்ட்' முதலியவை நிலத்தை அளப்பவை. இந்த அடையோ நாவைக்கொண்டு அளக்கிறது. இத்தகைய அளவுகோல் ஒன்றை ஆக்கிக்கொண்ட மக்கள், மொழியை எவ்வளவு பெரிதாக எண்ணியிருக்க வேண்டும்!

மாமூலனாரின் மொழிபெயர் தேயம் பெரும்பாலும் வடதிசை நிலவழியைச் சார்ந்தது. கடல்வழிச் சென்றவனுக்கு நேர்ந்ததை மணிமேகலை சொல்கிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் பொருளை இழந்து வங்கம் ஏறுகிறான். கலம் உடைகிறது, ஒடிந்த மரத்துண்டைப் பற்றி நாகர் வாழும் மலைக்கரையை அடைகிறான். அந்நாகர் ஆடை அணியாதவர், ஆளைத் தின்பவர் என்பது காப்பியம் அவர்களுக்குத் தரும் அடை. மரநிழலில் கிடந்தவனை இரையாகக் கருதி அவர்கள் சூழ்கின்றனர். ஆனால் சாதுவன் அவர்கள் மொழியைக் கற்றவன். அவன் அம்மொழியில் பேசியதும் அவர்கள் தீங்கு செய்யாமல் தங்கள் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். பின்னர் அங்கே நடப்பது ஓர் உரையாடல். அறம் எது, மறுபிறப்பு உண்டா என்னும் வழக்கு. இறுதியில் சாதுவன் பரிசுப் பொருள்களோடு ஊர் திரும்புகிறான். காப்பியத்தின் நோக்கம் பௌத்த அறத்தைச் சொல்வது. ஆயினும் மாமூலனாரின் அளவுகோல் இங்கே மறுபக்கமாகப் பயன்படுவதைக் காண்க. மொழி பெயராத இடத்தில் தொலைவு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இனி நம் கடற்பகுதிக்கு நேரே வருவோம். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிசய அரசின் துறைகள்மீது கப்பற்படை செலுத்தியதை அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடை உண்டு. பிரெஞ்சு அறிஞர் செதேஸ் ஸ்ரீவிசய அரசை அடையாளங்காட்டிக் கட்டுரை வெளியிட்ட 1918க்குப் பின், இவ்வூர்களுட் பல சுமத்திரா, மலாய்த் தீபகற்பம், நிக்கோபார் ஆகிய இடங்களில் வைத்து எண்ணப்பட்டன. கடாரம் இன்றைய கெடா என்பதைச் சிறுவரும் அறிவர்.

வரலாற்று நூலோர் ஊர்ப்பெயர்களை ஆராய்ந்த அளவு அடைமொழிகளை ஆராயவில்லை. நாம் சற்று ஆராய்வோம். தக்கோலத்துக்கு மெய்க்கீர்த்தி தரும் சிறப்பு, கலையில் தக்கோரால் புகழப்பட்டது என்பது. அங்கே கலைவல்லோர் கூட்டம் இருந்ததைப் புலவர் கண்டாரா? 'தலைத்தக்கோலம்' என்னும் பெயருக்குக் 'கலைத்தக்கோர்' எதுகையாக அமைந்தது, அவ்வளவே. 'இலங்காசோகம்' வந்தால் அதற்குமுன் 'கலங்கா' என்று தொடங்கும் அடை வந்து நிற்கிறது. மாநக்கவாரத்துக்குத் தேன் பொருந்திய மலர்ச்சோலை கிடைத்தமைக்கும் 'நக்க' என்னும் எழுத்துகளே காரணம். ஊரின் ஓசை அடையைப் பிறப்பித்தது. ஊரின் இயல்பு அன்று. மாயிருடிங்கத்துக்குக் கடலே அகழி என்பது போன்ற சில அடைகள் உண்மைக்கு நெருங்கியவையாக இருக்கலாம். ஆயினும் மெய்க்கீர்த்திப் புலவர் சோணாட்டை விட்டுக் கப்பலேறியிருக்க வேண்டிய தேவையே இல்லை. அவர் தஞ்சையிலோ கங்கைகொண்ட சோழபுரத்திலோ அமர்ந்து, படைத்தலைவர் கொண்டுவந்த பெயர்ப் பட்டியலுக்கு எதுகை கட்டியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசவைத் தமிழ் தொலைநாட்டை இவ்வாறுதான் வருணித்தது.

இதே தக்கோலத்தை வேறொரு தமிழ் எப்படிச் சொல்லியது தெரியுமா? தலைத்தக்கோலம் என்பது தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாபா வட்டாரம் என ஆய்வாளர் பலர் கருதுவர். அவ்வட்டாரத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதில் எதுகையும் இல்லை, மலர்ச்சோலையும் இல்லை. ஒரு குளம் தோண்டப்பட்டது; அதன் பெயர் அவனிநாரணம்; அது மணிக்கிராமத்தாருடைய காவலில் விடப்பட்டது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனுக்கு வழங்கிய சிறப்புப் பெயர். மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர். அவர்கள் அவ்விடத்தைத் 'தொலைவான' என்றோ 'கடல் கடந்த' என்றோ எழுதவில்லை. குடிக்கும் தண்ணீருக்குக் குளம் வெட்டி வாழ்ந்தவருக்கு அது தொலைவாக எப்படி இருக்கும்? சுமத்திராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இத்தகையதே. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு, துறைக்கு வரும் கப்பலார் கஸ்தூரி விலையை அளவாகக் கொண்டு செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி அதில் எழுதிவைத்தது. தங்கள் பெயரிலேயே ஆயிரம் திசைகளை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். நானாதேசிகள் என்றும் பெயர் பெற்றவர்கள். (எங்கள் ஊரின் நானாஸுக்கும் இந்த நானாதேசிக்கும் உறவில்லை என்பதை மாணவர்களுக்காக இங்கேயே சொல்லிவைக்கிறேன். நானாஸும் தமிழின் அன்னாசியும் பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் தூப்பி மொழியில் பிறந்து போர்த்துக்கீசியர் வாயிலாக வந்த உடன்பிறப்புகள்.)

ஆகவே அக்காலத் தமிழில் இரண்டு போக்குகள் இருந்தன. அவையில் அமர்ந்து அடை கட்டுவது ஒன்று. அவ்விடத்தில் நின்று பெயரிடுவது மற்றொன்று. இவ்விரண்டின் வேற்றுமையைப் பின்வரும் நூற்றாண்டுகளிலும் காணலாம்.

நம்மை மலாய்க்காரர் எவ்வாறு அழைத்தனர் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? பாய்மரக் காலத்தில் மலாய் மக்கள் உலகத்தைக் காற்றால் பிரித்தனர். தம் தீவுகளும் தீபகற்பமும் 'பாவா ஆங்கின்', அதாவது காற்றுக்குக் கீழுள்ள நாடுகள். இந்தியா, பாரசீகம், அரபு நாடு முதலியவை 'ஆத்தாஸ் ஆங்கின்', காற்றுக்கு மேலுள்ள நாடுகள். பருவக்காற்று எத்திசையிலிருந்து கப்பலைக் கொண்டுவருகிறதோ அதை நோக்கி அமைந்த இணை இது. மாலுமி தன் படகில் நின்று பார்த்துச் சொன்னது. மிகவும் நேர்மையான அடை என்பேன். தமிழ் வணிகர் வந்த நாட்டுக்குப் பழைய மலாய் நூல்கள் 'பெனுவா கெலிங்' என்று பெயர் தந்தன. கலிங்கம் என்னும் பெயரின் திரிபு அது. ஹாங் துவா காப்பியத்தில் வீரன் ஹாங் துவா அந்நாட்டுக்குத் தூது செல்கிறான். அந்நாட்டு மொழியையும் பேசுகிறான். சாதுவனுக்கும் அவனுக்கும் உள்ள ஒப்புமை கருதத்தக்கது. கெலிங் என்பது கடலுக்கு அப்பாலிருந்த காலத்தில் மதிப்பான பெயர். அம்மக்கள் கூலிகளாய் அருகே வந்து லயங்களில் குடியேறிய பின் அதே சொல் வசையாயிற்று. அதன் பழைய வரலாற்றைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர் மிகச் சிலரே.

அந்தக் கூலிப் பயணத்தின் காலத்தில்தான் தமிழில் தொலைவுக்குரிய இணைகள் மளமளவென்று பெருகின. 'அக்கரைச் சீமை', 'கண்காணாத தேசம்', 'கண்டிச் சீமை' ஆகிய மூன்றும் ஊர்ப்புறத்தார் பேச்சில் பயின்றவை. இவற்றுள் சீமை என்னும் சொல் சுவையான வரலாறு உடையது. அது வடமொழிச் சீமாவிலிருந்து வந்தது. எல்லை என்பது முதற்பொருள். பின்னர் ஓர் எல்லைக்கு உட்பட்ட நிலப்பகுதியைக் குறித்தது. சிவகங்கைச் சீமை, இராமநாதபுரச் சீமை என்பவை அவ்வகை. வெள்ளையர் வந்தபின் அவர்கள் நாட்டுக்கே பெயராயிற்று. படித்தவர் சீமைக்குப் போனார், கடைக்குச் சீமைத் துணி வந்தது, விளக்குக்குச் சீமையெண்ணெய், பள்ளிக்குச் சீமைச் சுண்ணாம்பு. எல்லைக்கு உள்ளே இருந்ததைக் குறித்த சொல், எல்லைக்கு அப்பாலுள்ளதைக் குறிப்பதாகத் தலைகீழாயிற்று.

அக்கரை என்பதும் எண்ணத்தக்கது. ஆற்றுக்கு அக்கரை உண்டு. நின்று பார்த்தால் தெரியும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழி அதைக் கொண்டே பிறந்தது. வங்காள விரிகுடாவின் அக்கரையை நாகப்பட்டினத்தில் நின்று யார் பார்த்தார்? ரஜுலா போன்ற கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்குமுன் நாள்கள் பல கழியும். அப்பெருங்கடலை ஓர் ஆறாகச் சுருக்கி, அப்பக்கம் என்று கை நீட்டிக் காட்டியது ஊராரின் ஆறுதல் போலும். கங்காணி அந்தப் பழமொழியின் பச்சையையும் சேர்த்து விற்றிருப்பான். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவுக்கு 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பும் 1938இல் இந்திய அரசின் தடையால் ஓய்ந்தது. ஆட்கள் வருவது நின்றும் சொற்கள் நிற்கவில்லை. 1978இல் வந்த 'ப்ரியா' திரைப்படத்தில் சிங்கப்பூரின் அழகைப் பாடிய பாட்டும் அக்கரைச் சீமை என்னும் இணையையே எடுத்தாண்டது. ஜொகூரில் வாழும் நமக்கு அப்பாட்டைக் கேட்டுச் சிரிப்பு வரும். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். நாள்தோறும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் அதைக் கடந்து வேலைக்குப் போய் இரவில் திரும்பும் இளைஞர் எம் ஊரிலும் உளர். நம் அக்கரைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகலாம்!

பாரதியாரையும் இங்கே நினைக்க வேண்டும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களைப் பற்றி அவர் பாடியது, அக்கரையைப் பற்றித் தமிழில் எழுந்தவற்றுள் நெஞ்சை மிகவும் உருக்குவது. அவர் அத்தீவைக் கண்டவர் அல்லர். அதற்கு அவர் இட்ட அடை, கண் இல்லாத தீவு என்னும் பொருளுடையது. இரக்கமற்ற தீவு என்று கொள்ளலாம். யாரும் காணாத தீவு என்றும் கொள்ளலாம். மெய்க்கீர்த்திப் புலவரைப் போல அவரும் தொலைவில் இருந்தே பாடினார். ஆனால் எதுகைக்காகப் பாடவில்லை. தொலைவிலிருந்து இடும் அடை எல்லாம் பொய் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளலாகாது. பிறர் துயரை உணர நேரில் நிற்க வேண்டியதில்லை. அங்கே வாழ்பவர் அவ்வடையையே தம் பெயராகக் கொள்ளும்போதுதான் இடர் விளைகிறது.

ஒரே இணை இரண்டு இடங்களில் இரண்டு பொருள்படுவதற்குப் 'பால்மரக் காடு' நல்ல சான்று. தமிழகத்திலிருந்து வந்து தோட்டங்களைக் கண்ட நாவலாசிரியர் அகிலன், தம் மலேசிய நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயரிட்டார். கடலுக்கு அப்பால் அதைப் படிப்போர் மனத்தில் எழுவது புலி உலவும் அடர்காடு. ஆனால் தோட்டத்தில் 'காட்டு வேலை', 'வெளிக்காட்டு வேலை' என்று நம் பாட்டன்மார் சொன்னபோது அவர்கள் கருதியது அதுவன்று. தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் காடு என்பது புன்செய் நிலத்தைக் குறிக்கும். காடு கழனி, காடு கரை என்னும் இணைமொழிகளில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. ஊரில் சோளக்காட்டுக்குப் போனவர், இங்கே பால்மரக் காட்டுக்குப் போனார். அச்சொல்லில் அச்சமும் இல்லை, தொலைவும் இல்லை. தெரிந்த வேலைக்குத் தெரிந்த பெயர். அவர்கள் அவனிநாரணக் குளத்தை வெட்டியோரின் வழிவந்தவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. தோட்டங்களை வழியின் கல்லைக்கொண்டு பத்தாங்கட்டை, பதினாலாங்கட்டை என்று அழைத்ததும் அத்தகையதே. நாட்டில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்து பல்லாண்டுகள் ஆகியும் கட்டைப் பெயர்கள் வாயிலிருந்து போகவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்துக்குள் வருவோம். ஆங்கிலப் பாடநூல்கள் வழியே நம் தமிழுக்குள் நுழைந்த இணைகள் சில உண்டு. ஆப்பிரிக்கா 'இருண்ட கண்டம்' என்று பழைய பூகோள நூல்கள் எல்லாம் எழுதின. 1878இல் ஸ்டேன்லி தம் பயண நூலுக்கு இட்ட தலைப்பால் பரவிய தொடர் அது. இருட்டு ஆப்பிரிக்காவில் இல்லை. ஐரோப்பியரின் வரைபடத்தில் இருந்தது. 'தூரக் கிழக்கு' என்பது இலண்டனிலிருந்து அளந்தது. சீனமும் ஜப்பானும் நமக்கு வடகிழக்கு. அவ்வளவு தூரமும் அன்று. 'மத்திய கிழக்கு' இன்னும் வேடிக்கை. 1902இல் மஹான் என்னும் அமெரிக்கக் கடற்படை அறிஞர் எடுத்தாண்டதால் பரவிய பெயர் இது. நம் நாட்டு முஸ்லிம் அன்பர்கள் மக்காவை நோக்கித் தொழுகையில் மேற்குப்புறமாகவே நிற்கின்றனர். நம் செய்தித்தாளோ அப்பகுதியைக் கிழக்கு என்கிறது. மேற்கு ஆசியா என்று எழுதினால் மை கூடுதலாகச் செலவாகாது.

இவற்றைக் களைவது எளிது. நம்மைப் பற்றி நாமே சொல்லும் இணைகளைக் களைவதுதான் அரிது. 'கடல் கடந்த தமிழர்' என்னும் தொடரைப் பாருங்கள். கடல் கடந்தவர் என் பாட்டனார். என் மாணவன் கடந்தது தோட்டத்து ஓடைதான். ஐந்தாம் ஆண்டு மாணவர் கட்டுரைகளில் 'கடல் கடந்து வாழும் நாம்', 'தொலைதூர நாட்டில் தமிழ் வளர்க்கும் நாம்' என்று எழுதக் கண்டிருக்கிறேன். மேடைப் பேச்சுகளிலிருந்து வந்த தொடர்கள் அவை. எழுதிய பிள்ளை நிற்பது பெக்கான் நானாஸில்; தொலைதூரம் அவன் காலடியில்! தான் பிறந்த மண்ணைத் தொலைவு என்று எழுதக் கற்றுக்கொண்டவன், நாளை அந்த மண்ணின் ஆற்றுக்கும் மரத்துக்கும் தமிழில் பெயர் தேட மாட்டான். செம்பனையும் கரிமண்ணும் அன்னாசித் தட்டையும் அவன் கட்டுரைக்குள் வராது. தென்றலும் காவிரியும் வரும். பின்னர், தமிழ் தன் ஊருக்கு உரிய மொழியன்று, தொலைவிலுள்ள ஊரின் மொழி என்று அவனுக்குத் தோன்றினால் பிழை அவனுடையதா? தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவதற்குப் பொருளியற் காரணங்கள் பல உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் மக்கள் நகர் நோக்கிச் சென்றதும் யாவரும் அறிந்தவை. அவற்றோடு இந்தச் சொற்பழக்கத்தையும் ஒரு சிறு காரணமாக நான் எண்ணுகிறேன்.

'புலம்பெயர்ந்தோர்' என்னும் சொல்லும் இன்று மிகுதியாக வழங்குகிறது. பட்டினப்பாலையில் புலம்பெயர் மாக்கள் வருகின்றனர். அவர்கள் தமிழர் அல்லர். பல மொழி பேசும் நாடுகளிலிருந்து புகாருக்கு வந்து, ஊராரோடு கலந்து இனிதே வாழ்ந்த அயல்நாட்டார். உருத்திரங்கண்ணனார் அவர்களைப் புகாரின் பெருமையாகவே பாடினார். அச்சொல்லுக்கு இரங்கல் ஓசை பிற்காலத்தில் ஏறியது. ஈழத்துப் போரின் துயரம் அதற்குத் தக்க காரணமும் ஆயிற்று.

தமிழக அரசு ஜனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. அயல் என்றால் வேற்றுநாடு என்று இன்று பொருள்கொள்கிறோம். பழந்தமிழில் அது பக்கம், அண்மை என்று பொருள்படும். அண்டை அயல் என்னும் இணைமொழியை நம் பள்ளியில் மனப்பாடம் செய்விக்கிறோமே, அதில் வரும் அயல் அதுவே. யாழ்ப்பாணத்தார் பேச்சில் அயலவர் என்றால் பக்கத்து வீட்டார். எனவே அயலகத் தமிழர் என்பதைப் 'பக்கத்து வீட்டுத் தமிழர்' என்று நான் படித்துக்கொள்கிறேன். அரசு அப்பொருளைக் கருதியிராவிட்டாலும் இலக்கணம் தடுக்காது. தனிநாயக அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்டினார். சென்னையில் கூடியது இரண்டாவது மாநாடு, 1968இல். அவர் அளந்த முறையில் தொலைவு எங்கும் இல்லை.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சியைச் சொல்லி முடிக்கிறேன். ஆங்கில இணைகளை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்களும் இதைச் செய்து பார்க்கலாம். தொலைவுக்குரிய தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதைச் சொன்னவர் எங்கே நின்றார் என்று மாணவரை எழுதச் சொல்ல வேண்டும். பின்னர் அதே தொடரைத் தம் ஊரில் நின்று ஒருமுறை எழுதச் சொல்ல வேண்டும். எங்கள் பொந்தியான் மாவட்டத்தில் தஞ்சோங் பியாய் என்னும் முனை இருக்கிறது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி அது. அவ்வாறே அங்கே பலகை நாட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வருவோர் உலகின் ஒரு கோடிக்கு வந்துவிட்டதாகப் படம் எடுத்துக்கொள்வர். எம் மாணவர்க்கு அது சோற்றுப் பொட்டலத்தோடு பள்ளிச் சுற்றுலா செல்லும் இடம். சென்ற ஆண்டு 'அக்கரை' என்னும் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். பலர் பழமொழியை எழுதினர். மீன்பிடிப்பவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி மட்டும், கூக்குப் துறையிலிருந்து பார்த்தால் அக்கரையில் காரிமுன் தீவின் மலை தெரியும் என்றும், மழை வருமுன் அது இன்னும் கிட்டத்தில் தெரியும் என்றும் எழுதியிருந்தாள்.